தினம் ஒரு ஃபிராக்டல்: இடம் பிடிப்பதும் நிறம் ஏற்றுவதும்

ஃபிராக்டல் என்பது எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் உள்ளே வடிவம் விரிந்துகொண்டே போகும் கணித உருவம். ஃபிராக்டல் ஓவியத்தில் ஒரு கோடுகூட நீங்கள் போடப்போவதில்லை. வடிவம் முழுக்கக் கணக்குக்குள் ஏற்கெனவே இருக்கிறது. எந்த இடத்தை வெட்டி எடுப்பது, எந்த நிறத்தில் காட்டுவது, இந்த இரண்டுதான் உங்கள் வேலை. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் வேலையில் மணிக்கணக்காக மூழ்கிவிட்டு, இரண்டாவதை ஒரு பொத்தானைத் தட்டி முடித்துவிடுகிறார்கள். எல்லார் படமும் ஒரே வானவில்லாக இருப்பதற்குக் காரணம் அதுதான். நேரத்தைத் திருப்பிப் போடுங்கள். ஒரு நாளில் முக்கால் மணி நேரம் கிடைத்தால், இடம் தேடக் கால் மணி, நிறத்துக்கு அரை மணி.

வேண்டியவை

நான்கு ஜிபி ரேம் உள்ள பழைய மடிக்கணினியே தொடங்கப் போதும். மென்பொருள் மூன்று, மூன்றும் இலவசம்.

ஒன்று, சுற்றிப் பார்க்க: கேயாஸ். ஆங்கிலத்தில் எக்ஸ், ஏ, ஓ, எஸ் என்று எழுத்துக்கூட்டித் தேடினால்தான் கிடைக்கும். சுட்டியின் இடது பொத்தானை அழுத்திப் பிடித்தால் குறிமுனை இருக்கும் இடத்துக்குள் வழுக்கிக்கொண்டே போகும், வலது பொத்தான் வெளியே இழுக்கும். விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும்.

இரண்டு, ஆழமாகப் போகவும் இறுதிப் படம் எடுக்கவும்: கால்லெஸ் ஃபிராக்டாலர். இது விண்டோஸ் மென்பொருள், லினக்ஸில் வைன் (விண்டோஸ் மென்பொருளை அங்கே ஓட்டித் தருவது) வழியாக ஓடும். முகப்பு அழகாக இருக்காது, ஆனால் நிறத்தின் மீது இது தரும் பிடி கேயாஸில் இல்லை.

மூன்று, கடைசி மெருகுக்கு: கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருள். கிரிட்டா பழக்கம் என்றால் அதுவே போதும்.

அல்ட்ரா ஃபிராக்டல் என்ற கட்டண மென்பொருளைப் பலர் சிபாரிசு செய்வார்கள். லேயர் வசதியில், அதாவது படத்தின் மேல் படத்தை அடுக்குவதில், அது நல்ல மென்பொருள்தான். ஆனால் முதல் மூன்று மாதம் காசு செலவழிக்காமல் இருங்கள். அபோஃபிசிஸ், ஜேவைல்ட்ஃபயர் ஆகியவற்றில் வரும் தீச்சுடர் போன்ற படங்கள் வேறு குடும்பம். ஸ்காட் டிரேவ்ஸ் 1992இல் உருவாக்கிய முறை அது. அங்கே நிறம் ஏறும் விதமே வேறு. இரண்டையும் ஒரே நேரத்தில் கற்றால் இரண்டும் குழம்பும்.

கணக்கு: இவ்வளவு தெரிந்தால் போதும்

தளத்தில் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். கணிதத்தில் அது கலப்பெண், அதையும் எண்போலவே வர்க்கமாக்கலாம், கூட்டலாம். சுழியத்தில் தொடங்குங்கள். கையில் இருப்பதை வர்க்கமாக்கி அந்தப் புள்ளியைக் கூட்டுங்கள். வந்த விடையை மறுபடி வர்க்கமாக்கி, மறுபடி அதே புள்ளியைக் கூட்டுங்கள். புள்ளி 1 என்றால் 0, 1, 2, 5, 26 என்று தெறித்து ஓடும். புள்ளி −1 என்றால் 0, −1, 0, −1 என்று ஊஞ்சலாடிக்கொண்டே இருக்கும். ஓடாத புள்ளிகளுக்குக் கறுப்பு. ஓடும் புள்ளிகளுக்கு, எத்தனையாவது சுற்றில் எல்லையைத் தாண்டின என்பதைப் பொறுத்து நிறம். மாண்டல்பிராட் கணத்தின் படம் இவ்வளவுதான். மையத்திலிருந்து தூரம் 2ஐத் தாண்டிவிட்டால் அந்தப் புள்ளி திரும்பி வராது என்பது நிரூபணமான விஷயம், அதனால்தான் கணினி அத்தோடு நிறுத்திக்கொள்ள முடிகிறது.

இதன் முதல் கரடுமுரடான படத்தை 1978இல் ராபர்ட் புரூக்ஸும் பீட்டர் மட்டெல்ஸ்கியும் நட்சத்திரக் குறிகளால் அச்சடித்தார்கள். 1980இல் ஐபிஎம் ஆய்வகத்தில் பெனுவா மாண்டல்பிராட் அதை விரிவாக ஆராய்ந்தார். 1985 ஆகஸ்ட் சயன்டிஃபிக் அமெரிக்கன் அட்டையில் வந்த பிறகு வீட்டுக் கணினி வைத்திருந்தவர்கள் எல்லாம் இதில் இறங்கினார்கள். 1988இல் வந்த ஃபிராக்டின்ட் என்ற டாஸ் மென்பொருளின் காலத்தில் ஒரு படத்துக்கு 256 நிறம்தான். அந்த 256ஐ வரிசைப்படுத்துவதே ஒரு கலையாக வளர்ந்தது. இன்று கோடிக்கணக்கான நிறம் இருக்கிறது, வரிசைப்படுத்தும் சிரமம் மட்டும் குறையவில்லை.

மேலே சொன்னதில் மனத்தில் நிறுத்த வேண்டியது ஒன்றே. ஒவ்வொரு பிக்சலிடமும் இருப்பது நிறம் அல்ல, ஓர் எண். அந்த எண்ணை எந்த நிறத்தோடு கட்டுவது என்பதில்தான் ஓவியம் இருக்கிறது.

முதல் நாள்

கேயாஸைத் திறந்ததும் மாண்டல்பிராட் வந்து நிற்கும். ஐந்து நிமிடம் சும்மா உள்ளே போய் வெளியே வாருங்கள். கறுப்புக்குள் ஜூம் செய்தால் கறுப்புதான் வரும். வெளிப்புற வெறுமைக்குள் போனாலும் ஒன்றும் இல்லை. எல்லாம் இரண்டும் சந்திக்கும் ஓரத்தில் இருக்கிறது. 'பி' விசை தற்செயலாக ஒரு நிறப்பட்டையைப் போடும். 'சி' விசையில் வெளிப்புறம் நிறமேறும் முறைகளின் பட்டியல் வரும். அதில் 'ஸ்மூத்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு முன்னால் பட்டை பட்டையாக, தேசப்பட உயரக்கோடுகள் போலத் தெரிந்தது இப்போது வழவழப்பாகிவிடும். ஏன் என்று பின்னால் வருகிறது.

'ஜே' விசையைத் தட்டினால், சுட்டி இருக்கும் புள்ளிக்குரிய ஜூலியா கணம் ஒரு சிறு கட்டத்தில் உடனுக்குடன் தெரியும். அதே கணக்கில் கூட்டும் புள்ளியை மாற்றாமல் வைத்து, தொடங்கும் புள்ளியை மாற்றிக்கொண்டே போனால் வரும் படம் அது. 'எம்' அந்த ஜூலியாவுக்குள்ளேயே உங்களைக் கொண்டுபோய் விடும். கறுப்புப் பகுதிக்குள் எடுத்த புள்ளி என்றால் ஜூலியா ஒரே துண்டாக இருக்கும், வெளியே எடுத்தால் தூளாகச் சிதறும். ஓரத்தை ஒட்டி வெளியே எடுத்தவைதான் பார்க்க நன்றாக இருக்கும்.

முதல் நாள் படம் எதையும் சேமிக்க வேண்டாம்.

எங்கே தேடுவது

கண்ணை மூடிக்கொண்டு ஜூம் செய்தால் பத்தில் எட்டு முறை ஒரே மாதிரி சுருள்தான் வரும். தெரிந்த வட்டாரங்களிலிருந்து கிளம்புங்கள். கீழே முதல் எண் இடவலம், இரண்டாவது மேல்கீழ், மூன்றாவது படத்தின் அகலம்.

கடல்குதிரைப் பள்ளத்தாக்கு: −0.7436, 0.1318, அகலம் 0.01. இரட்டைச் சுருள்கள், வால்கள். எல்லாரும் போகிற இடம், இருந்தும் இன்னும் தீரவில்லை.

யானைப் பள்ளத்தாக்கு: 0.28, 0.008, அகலம் 0.04. தும்பிக்கை தூக்கிய யானை வரிசை.

முச்சுருள் பகுதி: −0.088, 0.654, அகலம் 0.03. சுருளுக்கு மூன்று கை இருக்கும்.

குட்டி மாண்டல்பிராட்: −1.765, 0, அகலம் 0.08. முழுக் கணத்தின் நகல் ஒன்று இடப்பக்க ஊசியில் குத்தி வைத்தாற்போல் நிற்கும்.

ஜூலியாவுக்கு −0.123, 0.745 (முயல் என்று பெயர்), −0.8, 0.156, பிறகு 0.285, 0.01 மூன்றும் ஏமாற்றாது. 0, 1 கொடுத்தால் உள்ளே பரப்பே இல்லாத, வெறும் மின்னல் கிளை மட்டும் வரும். மெல்லிய கோடுகளுக்கு நிறம் ஏற்றிப் பழக அது நல்ல பலகை.

கால்லெஸ் ஃபிராக்டாலரில் அகலத்துக்குப் பதில் ஜூம் எண் கேட்கும். 4ஐ அகலத்தால் வகுத்துப் போடுங்கள், சுமாராகச் சரியாக வரும். அதே மென்பொருளில் 'பர்னிங் ஷிப்' வாய்பாட்டைத் தேர்ந்தெடுத்து −1.76, −0.03 பக்கம் போனால், பாய்மரத்தோடு எரியும் கப்பல் ஒன்று நிற்கும். மிக்கேலிட்ஷ், ரோஸ்லர் இருவரும் 1992இல் கொண்டுவந்தது. வர்க்கமாக்கும் முன் குறை (மைனஸ்) எண்களை மிகை (பிளஸ்) எண்களாக்கும் ஒரே ஒரு மாற்றம், சுருள்கள் எல்லாம் கட்டடமாகிவிடுகின்றன.

இடம் பிடித்தபின் சட்டகம். சுருளின் கண் நட்ட நடுவில் இருந்தால் படம் செத்துவிடும். மூன்றில் ஒரு பங்குக் கோட்டுக்கு நகர்த்துங்கள். எட்டு மடிப்பு, பதினாறு மடிப்புச் சமச்சீர் உள்ள வடிவத்துக்கு மட்டும் நடுதான் சரி. படத்தைச் சுழற்றிப் பாருங்கள், இருபது டிகிரி சாய்த்தாலே தேங்கி நின்ற வடிவம் ஓடத் தொடங்கும். பிறகு சாளரத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அந்த அளவிலும் என்ன வடிவம் என்று தெரிந்தால் சட்டகம் நின்றுவிட்டது. வெறும் சொரசொரப்பாகத் தெரிந்தால், எவ்வளவு நிறம் பூசினாலும் அப்படியேதான் இருக்கும்.

சுற்று எண்ணிக்கை: முதல் தடுமாற்றம்

ஜூம் செய்துகொண்டே போகும்போது அழகான ஓரங்கள் மழுங்கி, கறுப்பு பூசினாற்போல் ஆகிவிடும். பலர் அங்கே ஒன்றும் இல்லை என்று திரும்பிவிடுகிறார்கள். உண்மையில் அந்தப் புள்ளிகள் ஓடக்கூடியவைதான், கொஞ்சம் தாமதமாக ஓடுகிறவை. கணினி 170 சுற்றோடு பொறுமை இழந்து 'இது ஓடாது' என்று கறுப்பு போட்டுவிட்டது. உச்சச் சுற்று எண்ணிக்கையை இரட்டிப்பாக்குங்கள்: 340, 680, 1360. ஓரம் மாறுவது எந்த எண்ணில் நிற்கிறதோ அதற்கு ஒரு படி மேலே வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் மடங்கு ஜூமுக்கு ஆயிரம் சுற்றுக்குள் பெரும்பாலும் அடங்கும். சுருளின் அடிமட்டத்துக்குப் போனால் இருபதாயிரமும் கேட்கும்.

தேவையில்லாமல் பத்து லட்சம் வைப்பதும் தப்பு. உண்மையான கறுப்புப் புள்ளி ஒவ்வொன்றும் உச்ச எண்ணிக்கை முழுவதையும் சுற்றித் தீர்க்கும். படத்தில் பாதி கறுப்பாக இருந்தால் நேரம் அதற்கேற்ப எகிறும்.

நிறம்

இங்கேதான் நிதானம் வேண்டும்.

நிறப்பட்டை என்பது ஒரு வளையம். சுற்று எண் ஏற ஏற நிறம் பட்டையில் நகர்கிறது, கடைசி நிறம் முடிந்ததும் முதல் நிறத்துக்குத் திரும்புகிறது. இதிலிருந்தே முதல் விதி கிடைக்கிறது: கடைசி நிறமும் முதல் நிறமும் ஒன்றோடொன்று இணங்கிப் போக வேண்டும். கறுப்பில் தொடங்கி வெள்ளையில் முடித்தால், வளையம் மூடும் இடத்தில் கத்தியால் கீறினதுபோல் ஒரு கோடு படம் முழுக்க ஓடும். வேண்டுமென்றே அந்தக் கீறலைப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. தெரியாமல் வந்தால் அது பிழை.

இரண்டாவது, நிறத்துக்கு முன்னால் வெளிச்சம். தூய மஞ்சளின் வெளிச்சம் கிட்டத்தட்ட 89 சதவீதம், தூய நீலத்தின் வெளிச்சம் 11. வானவில் பட்டையைப் போட்டால் வெளிச்சம் மேலும் கீழும் துள்ளி, வடிவத்தில் இல்லாத ஓரங்கள் முளைத்துவிடும். உண்மையான ஓரங்கள் அதில் தொலைந்து போகும். பட்டையில் ஒரே ஒரு மேடு இருக்கட்டும்: இருட்டிலிருந்து ஏறி, உச்சம் தொட்டு, மறுபடி இருட்டுக்கு. நிறம் எதுவானாலும் இந்த மேடு இருந்தால் படம் நிற்கும். சோதிக்க எளிய வழி, கிம்ப்பில் நிறத்தை முழுக்க நீக்கிப் பாருங்கள். கறுப்பு வெள்ளையில் பிடித்துப்போன படம் நிறத்தில் கெட்டுப்போவது அபூர்வம்.

மூன்றாவது, நிறங்கள் ஐந்திலிருந்து ஏழு வரை போதும். தோற்றுப்போகும் பட்டைகளில் பெரும்பாலானவற்றில் இருபது நிறம் இருக்கும்.

தொடங்க ஒரு பட்டை. விக்கிப்பீடியா படங்களில் பார்த்துப் பழகிய நீலம், வெள்ளை, ஆரஞ்சு வரிசை இது. எண்கள் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில்:

0 சதவீத இடத்தில் 0, 7, 100
16இல் 32, 107, 203
42இல் 237, 255, 255
64இல் 255, 170, 0
86இல் 0, 2, 0
பிறகு மறுபடி முதல் நீலம்.

இதில் கறுப்பு எப்படி ஒரு சிறு இடத்தில் மட்டும் வந்து ஆரஞ்சுக்கு விளிம்பு கட்டுகிறது என்று பாருங்கள். வெள்ளைக்கும் ஆரஞ்சுக்கும் இடையே ஒரு தங்கநிறம் தானாகவே பிறக்கிறது, அதைத் தனியாகக் கொடுக்க வேண்டியதில்லை.

பழகியபின் சொந்தப் பட்டை. நிறம் எங்கிருந்து எடுப்பது என்று திகைத்தால், பட்டுப்புடவைக் கடைக்காரர்கள் சொல்லும் பெயர்களை நினைத்துக்கொள்ளுங்கள்: மயில்கழுத்து, அரக்கு, மாந்துளிர், வெங்காயத்தோல், கத்தரிப்பூ, எம்.எஸ். ப்ளூ. உடலும் கரையும் எது எதற்குச் சேரும் என்பதில் நெசவாளர்களுக்கு நெடுநாள் அனுபவம் இருக்கிறது, அதைக் கடன் வாங்குவதில் தப்பில்லை. புடவையைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, கிம்ப்பின் நிறமுறிஞ்சிக் குழாயால் நான்கு இடத்தில் தொட்டால் எண்கள் கிடைத்துவிடும். மயில்கழுத்தும் அரக்கும் சேர்ந்த ஒரு பட்டை எட்டுப் படியில்:

8, 14, 30
8, 14, 30
0, 62, 84
0, 118, 128
120, 196, 170
226, 178, 72
128, 28, 36
30, 8, 18

முதல் நிறம் இரண்டு முறை வருவது அச்சுப்பிழை அல்ல. கால்லெஸ் ஃபிராக்டாலரின் நிறப்பட்டியலில் நிறங்களுக்கு இடைவெளி சமம். ஒரு நிறத்துக்குக் கூடுதல் இடம் வேண்டும் என்றால் அதையே அடுத்தடுத்துப் போட வேண்டும். இருட்டுக்கு இப்படி இடம் கொடுத்தால்தான் மாம்பழ மஞ்சள் (226, 178, 72) கண்ணில் அடிக்காமல் ஒளிரும். அந்த மஞ்சளையும் ஒரு படிக்கு மேல் விடாதீர்கள்.

இப்போது பட்டையை வடிவத்தோடு பொருத்துவது. அதே மென்பொருளின் நிறச் சாளரத்தில் 'இட்டரேஷன் டிவிஷன்' என்று ஓர் எண் இருக்கும். சுற்று எண்ணை இதால் வகுத்துவிட்டுத்தான் நிறம் தேடப்படுகிறது. எண் சிறிதாக இருந்தால் பட்டை வேகமாகச் சுழலும், பெரிதாக்கினால் விரிந்து படரும். ஓரத்துக்கு அருகே பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களின் சுற்று எண்கள் நூற்றுக்கணக்கில் வேறுபடும். அங்கே பட்டை வேகமாகச் சுழன்றால் ஒரு பிக்சல் நீலம், அடுத்தது மஞ்சள், அடுத்தது கறுப்பு என்று மணல் தூவினாற்போல் ஆகிவிடும். புதியவர்களின் படங்களில் நான் அதிகம் பார்க்கும் கோளாறு இதுதான். எண்ணை இரட்டிப்பாக்கிக்கொண்டே போய், மணல் கோடாக மாறும் இடத்தில் நிறுத்துங்கள்.

அப்படிச் செய்ததும் வெளிப்புறம் ஒரே நிறமாகச் செத்துவிடுகிறதா? வெளியே சுற்று எண் மெதுவாக ஏறுகிறது, ஓரத்தில் செங்குத்தாக ஏறுகிறது. ஒரே வகுத்தல் இரண்டுக்கும் பொருந்தாது. அதற்குத்தான் நிற முறையில் 'ஸ்கொயர் ரூட்', 'லாகரிதம்' என்ற தேர்வுகள். இவை பெரிய எண்களை நசுக்கிச் சிறியவற்றுக்கு இடம் தருகின்றன. முதலில் வர்க்கமூலத்தைப் போட்டுப் பாருங்கள், போதாவிட்டால் மடக்கை. 'டிஸ்டன்ஸ்' என்று தொடங்கும் முறைகள் சுற்றை எண்ணாமல், ஓரத்திலிருந்து புள்ளி எவ்வளவு தூரம் என்று கணித்து நிறம் போடுபவை. மின்னல் கிளை, முடியிழை போன்ற வடிவங்களை நறுக்கென்று காட்ட இவற்றைவிட்டால் வேறில்லை.

வழவழப்பு எப்படி வருகிறது என்று சொல்லி முடிக்கிறேன். சுற்று எண் முழு எண். 41, 42, 43. அதனால்தான் பட்டை பட்டையாகத் தெரிகிறது. எல்லையைத் தாண்டிய புள்ளி எவ்வளவு தூரம் தாண்டிக் குதித்தது என்பதை வைத்து 41.37 என்று பின்னம் கணிப்பதே 'ஸ்மூத்'. தாண்டும் எல்லையை 2இலேயே வைத்திருந்தால் இந்தப் பின்னம் துல்லியமாக வராது, மெல்லிய படிகள் மிச்சம் இருக்கும். எல்லையை நூறு, ஆயிரம் என்று தள்ளி வைத்தால் மறைந்துவிடும். அதனால் ஒவ்வொரு புள்ளிக்கும் கூடுவது சில சுற்றுதான்.

'ஸ்லோப்ஸ்' என்ற வசதி படத்துக்குப் புடைப்பு நிழல் கொடுக்கும். முதல் வாரம் எல்லாருக்கும் இதில் மயக்கம் வரும். குறைவாகப் போடுங்கள். புடைப்பு ஏறினால் நிறம் பிளாஸ்டிக்காகிவிடும்.

ஆழம் போகிறவர்களுக்கு

கேயாஸில் கொஞ்ச நேரம் உள்ளே போனால் படம் சதுரம் சதுரமாக உடையும். வரைகலை அட்டையின் கோளாறு அல்ல. கணினியின் வழக்கமான பின்ன எண்ணில் 15, 16 இலக்கம்தான் இருக்கும். 10¹³ மடங்குக்கு மேல் போனால் அடுத்தடுத்த பிக்சல்களின் இருப்பிடத்தையே அதனால் வேறுபடுத்திச் சொல்ல முடியாது. கேயாஸ் இன்னும் சில இலக்கம் நீளமான எண்களைக் கையாளுவதால் சற்றுத் தள்ளி உடைகிறது, அவ்வளவே. கால்லெஸ் ஃபிராக்டாலர் ஒரே ஒரு புள்ளியை மட்டும் நூற்றுக்கணக்கான இலக்கத்தோடு கணித்து, மற்றப் புள்ளிகளை அதிலிருந்து விலகல்களாகக் கணக்கிடுகிறது. கே. ஐ. மார்ட்டின் 2013இல் வெளியிட்ட உத்தி இது. வாரக்கணக்கில் ஓடிய படங்கள் இதனால் நிமிடங்களுக்கு வந்தன.

ஆழத்தில் வடிவத்தை ஓரளவு நீங்களே சமைக்கலாம். பிடித்த ஓர் அலங்காரத்தின் நடுவை நோக்கிப் போகாமல், 10²⁰ மடங்கு ஜூம் வாக்கில் அதன் ஒரு கையில் ஓர் இடத்தைக் குறிவைத்து விலகுங்கள். பிறகு அந்த இடத்தின் நடுவையே பிடித்துக்கொண்டு போனால் 10³⁰ வாக்கில் அதே அலங்காரம் இரட்டையாக வரும், 10³⁵ வாக்கில் நான்காக மடியும், 10⁴⁰ பக்கம் ஒரு குட்டி மாண்டல்பிராட் காத்திருக்கும். வழியில் மறுபடி விலகினால் மறுபடி இரட்டிப்பு. எந்தக் கையில் விலகினீர்கள் என்பதுதான் இங்கே உங்கள் கையெழுத்து. இது ஒரு நாள் வேலை அல்ல. ஒரே இடத்தை ஐந்தாறு நாள் தொடர்ந்து தோண்டுங்கள்.

இறுதிப் படமும் சேமிப்பும்

சேமிக்க வேண்டியது படத்தை அல்ல, அளவுருக்களை. கேயாஸில் எக்ஸ்பிஎஃப் கோப்பு, கால்லெஸ் ஃபிராக்டாலரில் கேஎஃப்ஆர் கோப்பு. இடம், ஜூம், சுற்று, நிறப்பட்டை எல்லாம் அதில் எழுத்தாகவே இருக்கும், சில கேபி தாண்டாது. அது இருந்தால் ஐந்து வருடம் கழித்தும் அதே படத்தைச் சுவரளவுக்கு எடுக்கலாம். படம் மட்டும் இருந்தால், அந்தப் புள்ளியை மறுபடி கண்டுபிடிக்கவே முடியாது. கோப்புப் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதி போட்டால் தானாகவே அடுக்கி நிற்கும்.

இறுதிப் படத்தை வேண்டிய அளவைவிட இரண்டு மடங்கு எடுத்துப் பாதியாகச் சுருக்குங்கள். 1920க்கு 1080 வேண்டும் என்றால் 3840க்கு 2160 எடுங்கள். நான்கு பிக்சலின் சராசரி ஒரு பிக்சலாகும்போது ஓரத்து மணல் அடங்கிவிடும். ஜேபெக் வேண்டாம், பிஎன்ஜி. மெல்லிய கோடுகளைச் சுற்றி ஜேபெக் கறை கட்டும். வாட்ஸாப்பில் அனுப்பும்போது புகைப்படமாக அல்லாமல் ஆவணமாக இணையுங்கள், இல்லாவிட்டால் அது சுருக்கித் தள்ளிவிடும்.

கிம்ப்பில் பத்து நிமிடம்

ஒரே இடத்தை இரண்டு விதமாக எடுத்து அடுக்குவது, சின்ன உழைப்பில் பெரிய பலன் தரும் வேலை. அடியில் வழவழப்பான நிறப்படம். மேலே அதே சட்டகத்தில் 'டிஸ்டன்ஸ்' முறையில் எடுத்த கறுப்பு வெள்ளை. மேல் லேயரின் கலக்கும் முறையை 'மல்டிப்ளை' ஆக்கி அடர்த்தியை 30 முதல் 40 சதவீதம் வைத்தால் கோடுகளுக்கு எலும்பு கிடைக்கும். மங்கலாகிவிட்டால் 'சாஃப்ட் லைட்' பாருங்கள். இரண்டு படத்தின் பிக்சல் அளவும் ஒன்றாக இல்லாவிட்டால் ஓரங்கள் இரட்டையாகத் தெரியும்.

கறுப்பு வெள்ளையாக எடுத்து, கிம்ப்பின் 'கிரேடியன்ட் மேப்'பில் நிறமேற்றுவது இன்னொரு வழி. பட்டைகளை மாற்றி மாற்றிப் பார்க்க வேகமானது. ஆனால் சாதாரணப் படக்கோப்பில் கறுப்பு முதல் வெள்ளை வரை 256 படிதான் உண்டு. பெரிய படத்தில், அதுவும் இருட்டு நீலத்தில், அந்தப் படிகள் வரிவரியாகத் தெரிந்துவிடும். பிறகு 16 பிட்டுக்கு மாற்றினால் தீராது, எடுக்கும்போதே தொலைந்த படிகள் திரும்பி வராது. சோதனைக்குக் கிரேடியன்ட் மேப், பிடித்த பட்டையை மூல மென்பொருளில் ஏற்றி மறுபடி எடுப்பது, இதுதான் ஒழுங்கான வழி. ஏற்கெனவே வரி விழுந்த படம் என்றால் ஒன்றிரண்டு சதவீதம் 'நாய்ஸ்' தூவினால் கண் ஏமாறும்.

அச்சுக்குப் போகும் முன்

ஏ4 தாளுக்கு 2480க்கு 3508 பிக்சல், ஏ3க்கு 3508க்கு 4961. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கு இது. நாலு பக்கமும் வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள். திரையில் மின்னும் நீலமும் பாம்புப் பச்சையும் அச்சில் வராது. மையால் அந்த நிறத்தை எட்ட முடியாது, சாம்பல் பூசினாற்போல் இறங்கிவிடும். அரக்கு, மஞ்சள், இருண்ட பச்சை ஓரளவு தாக்குப்பிடிக்கும். இருட்டுப் பகுதிகள் திரையில் பார்ப்பதைவிட இன்னும் இருண்டு வரும், ஆகவே கிம்ப்பில் வெளிச்சத்தைச் சரிசெய்யும் 'கர்வ்ஸ்'ஸில் அடிப்பகுதியைச் சற்றுத் தூக்கி வையுங்கள். முழுத் தாளுக்குக் கொடுக்கும் முன் படத்தின் ஒரு துண்டை மட்டும் தபால் அட்டை அளவில் அடித்துத் தரச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.

தினசரியாக்குவது

தினமும் புது இடம் தேடினால் பத்தாவது நாள் சலித்துவிடும். முதல் மாதத்துக்கு ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளலாம்: வாரத்துக்கு ஓர் இடம், ஏழு நாளும் ஏழு பட்டை. திங்கள் வெறும் கறுப்பு வெள்ளை. செவ்வாய் ஒரே நிறத்தின் வெளிச்சமும் இருட்டும். புதன் எதிர் நிறங்கள் இரண்டு. மற்ற நாட்களை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள், ஆனால் சட்டகத்தை மட்டும் அசைக்கக் கூடாது. வார முடிவில் ஏழையும் பக்கம் பக்கமாக வைத்தால், வடிவத்தில் எது உங்கள் கண்ணை இழுத்தது, எது வெறும் நிறத்தின் வேலை என்று பிரிந்து தெரியும்.

வாசலில் தினமும் போடும் புள்ளிக் கோலத்தோடு இதை ஒப்பிடத் தோன்றும். கோலங்களை எல்லாம் ஃபிராக்டல் என்று சொல்லிவிடுவது மிகை. ஆனால் ஒரு சிறு விதியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பெரிய உருவம் பெறும் கோல வகைகள் உண்டு. தாம்பரம் சென்னை கிறித்துவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து 1974இலேயே கோலங்களை எழுதும் விதிகளைக் கணினி இலக்கணமாக வகுத்துக் காட்டினார்கள். கோலம் போடுகிற கை இருந்தால், சட்டகத்தில் நிரம்பிய இடத்துக்கும் வெற்றிடத்துக்கும் உள்ள கணக்கு உங்களுக்குச் சீக்கிரம் பிடிபடும்.

ஒவ்வொரு நாள் படத்தோடும் ஒரு வரிக் குறிப்பு எழுதி வையுங்கள். 'டிவிஷன் 8, மஞ்சள் அதிகம், நாளை ஒரு படி குறை' என்ற அளவில் போதும். மறுநாள் மென்பொருளைத் திறக்கும்போது வேலை அந்த வரியிலிருந்தே தொடங்கிவிடும்.